பில் பதிகிற வேலை குறைந்த பிறகு: கணக்குப் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு

வணிகப் பிரிவில் ஏ.எல் முடித்த பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம், "அக்கா, உங்கட ஒபிசில ஆள் எடுக்கிறாங்களா?" என்பார்கள். இப்போது, "அக்கா, இனிக் கணக்குப் படிச்சுப் பிரயோசனம் இருக்கா? எல்லாத்தையும் ஏஐ செய்யுமாமே" என்கிறார்கள். வாழைச்சேனையிலிருந்து கல்முனை வரைக்கும் இதே கேள்விதான். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விசயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது மட்டக்களப்பு நகரில், இங்கிலாந்திலுள்ள சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில். முடி வெட்டும் கடை, குழாய் வேலைக்காரர், சிற்றுண்டிச்சாலை, வீடு திருத்துகிறவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. நாங்கள் அவர்களை விடக் கோடையில் நாலரை மணித்தியாலமும் மாரியில் ஐந்தரை மணித்தியாலமும் முந்தி இருக்கிறோம். அதனால் எங்களுக்கு வேலை சூடு பிடிப்பது மத்தியானத்துக்குப் பிறகுதான், முடிவது இரவில். ஆரையம்பதி, செங்கலடிப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் வீட்டில் கெஞ்சிச் சம்மதம் வாங்கித்தான் வந்தார்கள். கொழும்புக்குப் போய் அறை எடுத்து இருக்கத் தேவையில்லை, ஊரிலிருந்தே உழைக்கலாம், படிப்புக்கு ஏற்ற வேலை. எங்கள் பக்கத்தில் அப்படி அமைவது லேசில்லை. அதனால்தான் இது சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

புதிதாக வருகிறவருக்கு முதலில் கொடுப்பது பில் பதிகிற வேலை. வாடிக்கையாளர் போனில் படம் பிடித்து அனுப்பிய பற்றுச்சீட்டைப் பார்த்து, திகதி, கடை, தொகை, வற் வரி ஆகியவற்றை மென்பொருளில் பதிய வேண்டும். அப்புறம் அது எந்தச் செலவுக் கணக்குக்குப் போகும் என்று தீர்மானிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அலுப்பான வேலை. ஆனால் இதைச் செய்து செய்துதான் கணக்கு கைக்குள் வரும். தச்சுவேலைக்காரர் வாங்கிய பெரிய மெசின் செலவா, சொத்தா? சொத்து என்றால் பெறுமானத் தேய்வு, அதாவது வருடா வருடம் அதன் பெறுமதி குறைவதை, எப்படிக் காட்டுவது? முதலாளி தன் சொந்தக் காசைக் கம்பனிக்குள் போட்டால் அதை எங்கே காட்டுவது? பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது பில்லாகக் கையில் வரும்போதுதான் விளங்கும். பக்கத்து மேசையில் இருக்கிற அக்காவிடம் கேட்டு, தெரியாததைத் தொங்கல் கணக்கில், அதாவது எந்தக் கணக்கு என்று தெரியும் வரை தற்காலிகமாக வைக்கிற கணக்கில், போட்டுவைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் தீர்த்துத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம்.

இப்போது அந்தப் பற்றுச்சீட்டை மென்பொருளே வாசிக்கிறது. கணக்கையும் அதுவே முன்மொழிகிறது. எங்கள் அலுவலகத்தில் யாரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பவில்லை. விலகிப் போனவர்களின் கதிரைக்கு ஆள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு வழமையாக எடுக்கிற புதிய பிள்ளைகளையும் எடுக்கவில்லை. இருக்கிறவர்கள் கூடுதல் வாடிக்கையாளர்களைப் பார்த்தார்கள். யாரும் அழவில்லை, யாரும் சண்டை பிடிக்கவில்லை, அதனால் ஊரில் இது செய்தியாகவும் வரவில்லை. வராமல் போன வேலைக்கு யார் போய் முறைப்பாடு செய்வது?

இது எங்கள் அலுவலகத்துக் கதை மட்டும் இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் பிரின்ஜோல்ஃப்சனும் இன்னும் இருவரும் 2025 ஆகஸ்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஏடிபி என்ற பெரிய சம்பளப் பட்டியல் நிறுவனத்தின் தரவை வைத்துச் செய்தது. ஏஐ அதிகம் நுழையக்கூடிய தொழில்களில் 22 முதல் 25 வயது வரையானவர்களின் வேலைவாய்ப்பு, மற்றத் தொழில்களோடு ஒப்பிடும்போது 13 சதவீதம் குறைந்திருக்கிறது. அதே தொழில்களில் வயதும் அனுபவமும் கூடியவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. சர்வதேச தொழில் ஸ்தாபனமும் 2023இலேயே எழுத்துவேலை, அலுவலக உதவி வேலைகள்தான் அதிகம் பாதிக்கப்படக் கூடியவை என்று சொன்னது. அவற்றில் பெண்கள் கூடுதலாக இருப்பதால் பாதிப்பும் அவர்களுக்கே கூட வரும் என்றும் சொன்னது. எங்கள் மேசைகளைச் சுற்றிப் பார்த்தாலே அது விளங்கும்.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். இதே பிரின்ஜோல்ஃப்சன் வேறு இருவரோடு சேர்ந்து, வாடிக்கையாளர் சேவை செய்கிறவர்களுக்கு ஏஐ உதவியாளரைக் கொடுத்தால் என்ன நடக்கிறது என்று பார்த்து 2023இல் வெளியிட்டார். புதியவர்களும் திறமை குறைந்தவர்களும் செய்து முடிக்கிற வேலை 34 சதவீதம் கூடியது. பழையவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. ஆக, புதியவரைக் கதிரையில் இருத்தி அவர் கையில் இந்தக் கருவியைக் கொடுத்தால் அவர்தான் வேகமாக முன்னுக்கு வருவார். அந்தக் கதிரையையே எடுத்துவிடுவதுதான் பிரச்சினை. ஐந்து வருடம் கழித்து மென்பொருளின் வேலையைச் சரிபார்க்க அனுபவசாலி எங்கிருந்து வருவார் என்று யோசிக்காமல் செலவைக் குறைக்கிறார்கள். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிவிட்டால் அடுத்த போகத்துக்கு வயலில் எதை விதைப்பது?

சரி, மென்பொருள் எங்கே பிழைக்கிறது என்பதை ஒரு பில்லை வைத்தே காட்டுகிறேன்.

ஒரு சிற்றுண்டிச்சாலைக்காரர் சுப்பர்மார்க்கட்டில் 60 பவுணுக்குச் சாமான் வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். அதில் தரை துடைக்கும் திரவம், குப்பைப் பை, கை துடைக்கும் தாள் எல்லாம் சேர்த்து 36 பவுண். பால், தேயிலை, சீனி 24 பவுண். இங்கிலாந்தில் பொதுவான வற் வரி 20 சதவீதம். பால், தேயிலை, சீனி போன்ற உணவுப் பொருட்களுக்குப் பூச்சிய வீதம். மென்பொருள் மொத்தத் தொகையைப் பார்த்து, 60 பவுணுக்குள் வரி 10 பவுண் என்று எழுதிவிடுகிறது. 100 பவுண் சாமானுக்கு வரி சேர்ந்தால் 120, அதில் ஆறில் ஒரு பங்கு வரி; அதனால் வரி சேர்ந்த தொகையை ஆறால் பிரித்தால் வருவது அதுதான். உண்மையில் 36 பவுணை மட்டும்தான் ஆறால் பிரிக்க வேண்டும். வரி 6 பவுண். வியாபாரத்துக்கு வாங்கிய சாமானில் கட்டிய வற் வரியை அரசாங்கத்திடம் திருப்பிக் கேட்கலாம்; இங்கே நாலு பவுணைக் கூடுதலாகக் கேட்கிறோம். ஒரு பில்லில் நாலு பவுண். இப்படி வாரா வாரம் வந்தால் வருட முடிவில் வரித் திணைக்களம் வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்கும், வாடிக்கையாளர் எங்களிடம் கேட்பார். மென்பொருளிடம் யாரும் கேட்கப் போவதில்லை.

சொக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு வரி உண்டு, சாதாரண பிஸ்கட்டுக்குப் பூச்சியம். வங்கிக் கட்டணத்திலும் காப்புறுதியிலும் வற் வரி இல்லை. வாடிக்கையாளர்களுக்கு விருந்து கொடுத்த செலவில் வரி இருக்கும், ஆனால் அதைத் திருப்பிக் கேட்க முடியாது. முதலாளி தன் சேமிப்பிலிருந்து கம்பனிக்கு மாற்றிய காசை மென்பொருள் விற்பனை வருமானம் என்று போட்டுவைத்ததையும் நான் கண்டிருக்கிறேன். எல்லாப் பதிவும் நேர்த்தியாக, பச்சை நிறச் சரி அடையாளத்தோடு வரும். எழுத்துப்பிழை இல்லை, கூட்டல் பிழை இல்லை. அதனால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஒரு வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் அங்கே ஏதோ உறுத்தும். இனிமேல் சம்பளம் அந்த உறுத்தலுக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அலுவலகம் கற்றுத் தராவிட்டால் நாமே கற்றுக்கொள்ள வேண்டியதுதான். சனிக்கிழமை பின்னேரங்களில் சில பிள்ளைகளோடு நான் இருந்து செய்வது இது. முதலில் ஒரு சின்னக் கடையின் ஒரு மாத வங்கிக் கூற்றும் பில்களும் கொடுப்பேன், நானே பயிற்சிக்கென்று தயாரித்தவை. மென்பொருளைத் தொடவே கூடாது. கொப்பியில் பேரேடு கீறி, இரட்டைப் பதிவு போட்டு, பற்றும் வரவும் சமப்படுகிறதா என்று பார்க்கிற பரீட்சை மீதி வரைக்கும் கொண்டுவர வேண்டும். "என்னக்கா, இந்தக் காலத்தில கையால எழுதச் சொல்றீங்க" என்று முணுமுணுப்பார்கள். எங்கள் பதிவையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிடுகிற வங்கிக் கணக்கிணக்கக் கூற்று சமப்படாமல் இரண்டு மணித்தியாலம் தேடி, கடைசியில் காசோலை ஒன்று இன்னும் மாறாமல் கிடப்பதைக் கண்டுபிடிக்கும்போது முகம் மாறும். அந்த இரண்டு மணித்தியாலத்தை எந்தக் காணொளியும் தராது.

பிறகு அதே பில்களைக் குவிக்புக்ஸ் போன்ற ஒரு கணக்கு மென்பொருளுக்குக் கொடுப்போம். சோதனைக் காலத்துக்கு இலவசமாகக் கிடைக்கும். அது போட்ட கணக்கையும் கையால் போட்ட கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கெல்லாம் வித்தியாசம் என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். மென்பொருள் என்ன போட்டது, சரியானது எது, ஏன் பிழைத்தது என்று மூன்று நிரல் போதும். சில இடங்களில் மென்பொருள் சரி, பிள்ளை பிழை. அதையும் எழுத வேண்டும். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது சான்றிதழ்களோடு அந்தக் கொப்பியையும் கொண்டுபோகச் சொல்கிறேன். கணக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் அதில் நாலு பக்கம் புரட்டினாலே இந்தப் பிள்ளைக்கு வேலை தெரியும் என்று விளங்கிக்கொள்வார். என்.வி.கியூ என்ற தொழிற்தகைமை, ஏ.ஏ.டி என்ற கணக்கியல் தகைமை எல்லாம் கட்டாயம் வேண்டும், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரே சான்றிதழோடு வருகிற கூட்டத்தில் யாரை எடுப்பது என்று வரும்போது இந்தக் கொப்பி பேசும்.

சாட்ஜிபிடியிடம் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் விடையைக் கேட்காதீர்கள், விளக்கத்தைக் கேளுங்கள். பிறகு அந்த விளக்கத்தை வரித் திணைக்களத்தின் சொந்த வழிகாட்டியோடு ஒத்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் வங்கிக் கூற்றையோ, பெயர் விலாசம் உள்ள பில்லையோ இலவசக் கணக்கில் ஏற்றவே கூடாது. அது அந்த மனிதரின் தனிப்பட்ட தரவு. ஏற்றினால் இங்கிலாந்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் நிறுவனம் பதில் சொல்ல வேண்டி வரும், உங்கள் வேலையும் போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, எந்தக் கருவியை எதற்குப் பாவிக்கலாம் என்று மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, சட்டம். எங்கள் பிள்ளைகள் இதைப் பற்றிக் கேட்பதே இல்லை, நான்தான் வலிந்து சொல்கிறேன்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தார். வந்தது ஒரு இணைப்பு. அதை அழுத்தினால் திரையில் கேள்வி வரும், கெமராவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், நேரம் ஓடிக்கொண்டிருக்கும். எதிரில் மனிதர் இல்லை. "சுவரோட கதைச்ச மாதிரி இருந்திச்சக்கா" என்றார். கொஞ்ச நேரத்திலேயே, நீங்கள் பொருத்தமில்லை என்று மின்னஞ்சல் வந்தது. யார் பார்த்தார், எதை வைத்து முடிவெடுத்தார் என்று ஒரு சொல் இல்லை. வழமையாக எங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில், "நமக்கு இங்கிலீஷ் போதாது" என்று தங்களையே குறை சொல்லிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். நாங்கள் இருந்து மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினோம். இந்த முடிவை மென்பொருள் மட்டும் எடுத்ததா? எந்த அடிப்படையில்? ஒரு மனிதர் மீண்டும் பார்க்க முடியுமா? மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். ஒரு பதிலின் ஒலி பதிவாகவே இல்லை என்று தெரிய வந்தது. மீண்டும் பேச வாய்ப்புக் கொடுத்தார்கள். அந்த வேலை கிடைக்கவில்லை, எக்செல் பரீட்சையில் புள்ளி போதவில்லை. ஆனால் எதைப் படிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு இப்போது தெரியும்.

இப்படிக் கேட்பதற்கு எங்கள் இலங்கைச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, மனிதர் தலையிடாமல் தானியங்கி முறையில் மட்டும் எடுக்கப்பட்டு ஒருவரின் உரிமைகளை மாற்ற முடியாதபடி தொடர்ந்து பாதிக்கிற முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமையைப் பேசுகிறது. அதிலும் விதிவிலக்குகள் உண்டு. சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிய பிறகும் அதன் முக்கியப் பகுதிகளை 2025 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவர இருந்ததைத் தள்ளிப் போட்டார்கள். எனக்கு இதில் கோபம்தான். மென்பொருள் ஒத்திவைக்கப்படாமல் வந்துவிட்டது, பாதுகாப்பு மட்டும் ஏன் ஒத்திவைக்கப்பட வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1ஆம் திகதி அமுலுக்கு வந்தது. வேலைக்கு ஆள் தெரிவு செய்வது, பதவி உயர்த்துவது, வேலையைக் கண்காணிப்பது ஆகியவற்றுக்குப் பாவிக்கிற ஏஐயை அது அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது. வேலைத்தளத்தில் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை ஊகிக்கிற கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணம் இருந்தாலொழிய, 2025 பெப்ரவரி 2 முதல் தடை செய்துவிட்டது. நியூயோர்க் நகரத்தில் ஆள் தெரிவுக்குப் பாவிக்கிற மென்பொருள் பாரபட்சம் காட்டுகிறதா என்று வெளியார் ஒருவர் வருடா வருடம் கணக்காய்வு செய்ய வேண்டும் என்ற விதியை 2023 ஜூலை முதல் அமுல்படுத்துகிறார்கள். இவை அந்தந்த நாட்டுச் சட்டங்கள்தான். ஆனால் ஐரோப்பிய நிறுவனத்துக்கு வேலை செய்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தால் கேள்வி கேட்கலாம்.

ஏஐ என்ற சொல்லே இல்லாத ஒரு பழைய சட்டம்தான் இப்போதைக்கு எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய காவல். வேலை முடிவுறுத்தல் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் நிறுவனத்தில், 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், ஒன்றில் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். மென்பொருள் வந்துவிட்டது என்பது ஒழுக்காற்றுக் காரணம் ஆகாது. அதனால்தான் சில இடங்களில், "நீங்களே ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் நல்லது, அனுபவச் சான்றிதழ் தருகிறோம்" என்று இனிமையாகக் கேட்பார்கள். அந்த இடத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கிறேன் என்று சொல்லுங்கள். அடுத்த நாளே மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருக்கிற தொழில் அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். அங்கே கேட்பதற்குக் காசு இல்லை.

அதைவிட முக்கியம், சேரும்போதே கையில் கிடைப்பது நியமனக் கடிதமா, சேவை ஒப்பந்தமா என்று பார்ப்பது. ஒப்பந்தக்காரர் என்று போட்டுவிட்டால் நிறுவனம் கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியம் 3 சதவீதமும் போகும், மேலே சொன்ன சட்டத்தின் காவலும் கைவிட்டுப் போகலாம். தினமும் குறித்த நேரத்துக்கு வந்து, மேலாளர் சொல்வதைச் செய்து, மாதச் சம்பளம் வாங்குகிறவரைக் கடிதத்தில் ஒப்பந்தக்காரர் என்று எழுதியிருந்தால் அதையும் தொழில் அலுவலகத்தில் காட்டலாம். பெயரை விட வேலையின் தன்மையைத்தான் பார்ப்பார்கள்.

வீட்டிலிருந்து தனியாக வெளிநாட்டு வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. அதுதான் பெரிய ஓட்டை. ஒழுங்குவிதி எழுதுகிறவர்கள் கொழும்பில் இருந்து யோசிக்கும்போது, மட்டக்களப்பு வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையில் ஒரு அறைக்குள் மடிகணினியோடு இருக்கிற பிள்ளை அவர்கள் கண்ணில் படுவதில்லை. இரண்டு விசயம் நடக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். தரவுச் சட்டத்தின் அந்தப் பிரிவை உண்மையிலேயே அமுலாக்கி, தமிழில் முறைப்பாடு செய்து தமிழில் பதில் வாங்க வழி செய்ய வேண்டும். அடுத்து, ஏஐயால் செலவைக் குறைத்த நிறுவனங்கள் ஒவ்வொரு வருடமும் குறிப்பிட்ட அளவு பயிலுநர்களை எடுக்கவேண்டும் என்று ஒரு விதி வேண்டும். தேசிய தொழிற்பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, அதுதான் நாங்கள் நைட்டா என்கிறோமே, அதன் வழியாகவே இதைச் செய்யலாம். பயிலுநர் முறை எங்களுக்குப் புதிதில்லை. கணினி முன்னால் இருக்கிற வேலைக்கும் அதை உண்மையாகக் கொண்டுவர வேண்டும்.

கடைசியாக, உடனே கைகொடுக்கக்கூடிய ஒரு தகவல். இங்கிலாந்தில் சுயதொழில், வாடகை இரண்டிலும் வருகிற மொத்த வருமானம் 50,000 பவுணுக்கு மேற்பட்டவர்கள் 2026 ஏப்ரல் 6 முதல் கணக்கை மின்னியல் முறையில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். 2027 ஏப்ரலில் அந்த எல்லை 30,000 பவுணாகவும் 2028 ஏப்ரலில் 20,000 பவுணாகவும் இறங்குகிறது. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கணக்குக் கொடுத்தவர்களில் இந்த எல்லைக்கு மேற்பட்டவர்கள் காலாண்டுக்கு ஒருமுறையும் கொடுக்க வேண்டி வருகிறது. கடைசித் திகதிகள் ஆகஸ்ட் 7, நவம்பர் 7, பெப்ரவரி 7, மே 7. மென்பொருள் பதிந்துவிடும், ஆனால் ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்கு முன் யாராவது இருந்து சரிபார்க்க வேண்டும். இங்கிலாந்து அரசாங்கத்தின் இணையத்தளத்தில் இதற்கான வழிகாட்டி இலவசமாக இருக்கிறது. ஆங்கிலம் கடினமாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசியுங்கள், விளங்காத இடத்தைக் குறித்துக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.